கீழிறங்கும் கோடு

மைனஸ் இருபத்தாறு.
துலூத் துறைமுகத்தில் ஏரி உறைந்து முனகுகிறது.
சமையலறை மேசையில் ஒரு கடிதம்.
தேன்பெட்டியின் எடை குறையக் குறையத்
திரையில் ஒரு கோடு கீழே இறங்குகிறதே,
அந்த இறக்கம் அவர்களுடையதாம்.

காப்புரிமை எண் போட்டிருக்கிறார்கள்.
நிறுவனத்தின் பெயரில் ‘புத்தாக்கம்’ உண்டு,
ஊழியர் ஒருவரும் இல்லை.
டெக்சாஸில் ஓர் அஞ்சல் பெட்டி,
அதற்கு ஒரு சாவி.

இரவுகளில் நான் எழுதிய நிரல் அது.
விலை கிடையாது.
முந்நூற்றுப் பன்னிரண்டு தேனீக்காரர்கள்
பனிக்காலம் முழுக்கப் பெட்டியைத் திறக்காமலே
உள்ளே தேன் மிச்சம் உண்டா என்று பார்த்துக்கொள்வார்கள்.

வக்கீல் ரோவீனா ஹேக் சொன்னாள்:
வழக்காடினால் நாலு லட்சம் டாலர்,
வாயை மூடிக்கொண்டால் ஒன்பதாயிரம்.
நியாயம் உன் பக்கம்தான் என்றாள்,
அதைச் சொன்ன அரைமணிக்கும் கட்டணம் எழுதிக்கொண்டே.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.
மடிக்கணினியின் கண்ணில் பிளாஸ்திரி ஒட்டியவள்.
இணையத்தில் சேர அனுமதி கேட்ட குளிர்பெட்டியிடம்
பால் தீர்ந்தால் எனக்கே தெரியும் என்றவள்.
நாற்பத்தொரு பக்க ஒப்பந்தத்தை முழுக்கப் படித்து
‘ஏற்கவில்லை’ என்ற பொத்தானைத் தேடுகிறவள்.
அது எங்கும் இல்லை.
‘பிறகு நினைவூட்டு’தான் இருக்கிறது.
அலுவலகத்தில் நான் வருவதைக் கண்டால்
காபிக் கோப்பைகள் வேறு பக்கம் நகரும்.

பழைய சான்று ஒன்று வேண்டும்,
கடிதக்காரர்களுக்கு முன்பே யாராவது கோடு போட்டதற்கு.
டூ ஹார்பர்ஸ் தாண்டி ஆர்விட் பெர்க்கியின் கொட்டகையில் கிடைத்தது.
கதவின் உட்பக்கம், தச்சர் பென்சிலில்,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு என்று தொடங்கி
ஞாயிறுதோறும் ஒரு புள்ளி.
புள்ளிகளைச் சேர்த்தால் இறங்கும் கோடுகள்.
யார் வரைந்தது என்று ஆர்விட்டுக்கும் தெரியாது,
கொட்டகையோடு வந்த கதவு.
ஒரு கோடு மார்ச்சில் பாதியிலேயே நின்றிருந்தது.
பெட்டி செத்திருக்கும்.

படம் எடுத்து அனுப்பினேன்.
பதில் இல்லை, மன்னிப்பும் இல்லை.
அடுத்த மாதம் ஆரிகனில் வேறொருவருக்கு
அதே கடிதம், அதே எழுத்துப்பிழையோடு.

இங்கேயே முடித்திருக்கலாம்.
ஆனால் அன்று புறப்படும்போது
பூட்ஸில் ஒட்டிய பனியைச் சுரண்டியபடி
ஆர்விட் கேட்டார்:
‘சிக்னி, அக்டோபரில் பதினேழு பெட்டி களவு போச்சு.
சாலையிலிருந்து தெரியாத இடம்.
உன் நிரலுக்கு மட்டும்தான் தெரியும், இல்லையா?’
குற்றச்சாட்டு இல்லை அதில்.
வானிலை விசாரிக்கிற குரல்.

சிரித்துவிட்டுத்தான் வந்தேன்.
இரவு என் நிரலை நானே வரி வரியாகப் படித்தேன்,
ஊரார் ஒப்பந்தங்களைப் படிக்கும் கண்ணால்.
ஆறு வருடம் முன்பு அவசரத்தில்
எங்கிருந்தோ இரவல் வாங்கிச் செருகிய வரைபடத் துண்டு.
திறக்கும்போதெல்லாம் அது
ஒவ்வொரு பெட்டியும் நிற்கும் இடத்தை
ஒரு விளம்பரக் கம்பெனிக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.
அவர்கள் யாருக்கு விற்றார்கள்,
வாங்கியவன் யாருக்கு விற்றான்,
திருடன் அந்த வரிசையில் நின்றானா,
தெரியாது.
தெரியவே வராது, வியாபாரமே அதுதான்.

தேன் எடுத்தவன் புறங்கையை நக்கத்தான் செய்வான் என்பார்கள்.
நான் நக்கவில்லை.
என் கையை வேறு யாரோ நக்கியிருக்கிறார்கள்,
ஆறு வருடம்,
எனக்கு உறைக்கவேயில்லை.

துண்டை வெட்டி எறிந்தேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் எழுதினேன்:
என்ன போனது, எங்கே போனது, தவறு யாருடையது.
ஒன்பது பேர் பதில் போட்டார்கள்.
ஒருவர் திட்டினார், அவருக்கு நன்றி.
நான்கு பேர் கேட்டார்கள்,
கறுப்புப் பின்னணி எப்போது வரும் என்று.

ஆர்விட் எழுதவில்லை.
நிரலை அழித்துவிட்டாராம்.
கொட்டகைக் கதவில் புதிதாக ஒரு கோடு இறங்குகிறதாம்,
ஞாயிறுக்கு ஒரு புள்ளியாக.

அவரிடம் சொல்லி வைக்க வேண்டும்,
டெக்சாஸிலிருந்து
கதவின் பெயருக்கு ஒரு கடிதம் வரலாம்.